கதிரேசன் சார் தேடிய நல்ல வானம்

போன கார்த்திகைக் கடைசியில், நான் ஓய்வுபெற்ற வானிலை அலுவலகத்தின் இளைஞர்கள் நான்கைந்து பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். எரிநட்சத்திர மழை பார்க்கப் போன கதையைச் சொன்னார்கள். எடுத்த படங்களைக் காட்டினார்கள். எங்கள் காலத்தில் ஆள் நின்று பார்த்த இரவு வேலையை இப்போது கருவியே செய்துவிடுகிறது. அதனால் இரவு வானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவர்கள் தனியாக ஒரு பயணம் போக வேண்டியிருக்கிறது. அதில் ஒரு பெண், "அந்தக் காலத்துல நீங்கள்லாம் எப்படி சார் பாத்தீங்க?" என்று கேட்டாள். பொதுவாக ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். உண்மையில் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியது கதிரேசன் சாரைப் பற்றித்தான். அதை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். மிளகாயும் பருத்தியும் போடுகிற குடும்பம். மழை எப்போது வரும் என்பதைத் தவிர வானத்தைப் பற்றி வேறெதுவும் நாங்கள் யோசித்ததில்லை. பள்ளிப் படிப்பு முடிந்து, சென்னையில் சில மாதம் பயிற்சி பெற்று, சுதந்திரம் கிடைத்த ஐந்தாறு வருடத்தில் இராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரையில் ஒரு சிறிய வானிலை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். எந்த ஊர் என்று சொல்லவில்லை. சொன்னால் சாரைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்து வருத்தப்படலாம். பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

நிலையத்தில் மூன்று பேர் வேலை. கதிரேசன் சார் பொறுப்பாளர். அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. ஒல்லியாக, நேராக நடப்பார். வேலைக்கு வந்த முதல் வாரத்தில் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த விதம் இன்னும் கையில் இருக்கிறது. வெப்பமானிப் பெட்டியின் கதவைத் திறந்ததும் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். முதலில் தசமப் புள்ளிக்குப் பின்னாலுள்ள எண்ணைப் படிக்க வேண்டும், பிறகுதான் முழு எண்.

"நம்ம மூச்சும் விளக்கும் பட்டாலே பாதரசம் நகந்துரும் முத்திருளு. சின்னது முதல்ல நகரும். அதனால சின்னத முதல்ல புடிச்சிரணும்" என்பார் என்னிடம்.

இரவில் மேகம் பார்ப்பது அதைவிடக் கடினம். வானத்தை எட்டுப் பங்காக நினைத்துக்கொண்டு, அதில் எத்தனை பங்கு மேகம் என்று எழுத வேண்டும். நிலவில்லாத இரவில் மேகம் கண்ணுக்குத் தெரியாது. எந்த இடத்தில் நட்சத்திரம் இல்லையோ அங்கே மேகம் இருக்கிறது. வெளியே வந்ததும் விளக்கைக் கீழே வைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகும்வரை அசையாமல் நிற்கச் சொல்வார். "அவசரப்பட்டு எழுதாதீங்க. கடல்ல போறவங்க நாம சொல்ற வானத்த நம்பித்தான் போறாங்க" என்பார். குரலை உயர்த்த மாட்டார். தப்பாக எழுதினால் திட்டவும் மாட்டார். பேனாவை நம் கையில் கொடுத்து, மறுபடி வெளியே போய்ப் பார்த்துவரச் சொல்வார்.

அவர் மனைவி தனலட்சுமியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். பிள்ளைகள் இல்லை. அலுவலகத்தை ஒட்டியே வீடு. சாருக்கு இரவு முறை வரும் நாட்களில் அக்காவும் எழுந்து, அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு, கருவிகள் இருக்கும் வேலிக்குள் அவருக்கு முன்னால் நடந்து போவார். விளக்கை எல்லாரையும் போல முன்னால் பிடிக்க மாட்டார். கையைப் பின்பக்கமாக நீட்டி, வெளிச்சம் சாரின் காலடியில் விழும்படி பிடித்திருப்பார். மூன்றாவது ஆள் இதைப் பார்த்துவிட்டு, "புருசன் மேல உசுரு அக்காவுக்கு" என்று சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

எரிநட்சத்திரம் எண்ணுவது எங்கள் வேலையில் சேராது. சாருக்கு அது ஒரு தனி ஆசை. வருடா வருடம் மார்கழி பிறப்பதற்குச் சில நாள் முன்பு மிதுன ராசியின் பக்கமிருந்து எரிநட்சத்திரங்கள் சொரியும். அதே சொரிவு, பார்க்கிற இடத்தைப் பொறுத்தும் வானத்தின் நிலையைப் பொறுத்தும் எவ்வளவு குறைந்து தெரிகிறது என்று அறிய வேண்டும் என்பார். நான் சேர்ந்த வருடம், இராமநாதபுரத்தில் அவர் தங்கை வீட்டு மொட்டை மாடிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். ஆளுக்கொரு பாய், ஆளுக்கொரு திசை. தலையைத் திருப்பக் கூடாது. விளக்கு ஏற்றினால் கண் கெட்டுவிடும் என்பதால் எழுதவும் கூடாது. ஆளுக்கு ஒரு பித்தளைச் செம்பும் ஒரு மடி புளியங்கொட்டையும். ஒன்று விழுந்தால் செம்பில் ஒரு கொட்டை. விடிந்தபின் எண்ணிக்கொள்ளலாம். அக்காவுக்கு மட்டும் தனிச் செம்பு கிடையாது. சாரின் பாயிலேயே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சும்மா துணைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

நள்ளிரவு வரை பாதி நிலவு இருந்தது. தெருவிளக்குகள், ரயில் நிலையத்து வெளிச்சம், வீடுகளின் அடுப்புப் புகை வேறு. என் செம்பில் எப்போதாவது ஒரு கொட்டை விழுந்தது. சாரின் செம்பிலும் அப்படித்தான். நிலா மறைந்தபின் கொஞ்சம் கூடியது. காலையில் எண்ணிப் பார்த்துவிட்டு சார், "டவுன் வானம் சரிப்படல. அடுத்த வருசம் வெட்டவெளியா ஒரு எடம் பாக்கணும்" என்றார். அவர் முகத்தில் அளவுக்கு மீறிய ஏமாற்றம் இருந்தது. எங்கள் இருவர் கணக்கும் ஏறக்குறைய ஒன்றாகத்தானே வந்திருக்கிறது, இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

மறு வருடம் உச்சிப்புளிக்கு அப்பால், என் சித்தப்பாவின் புஞ்சைக்குப் போனோம். சுற்றிலும் பனை, நடுவில் களம். ஊர் வெளிச்சம் இல்லை. ஆனால் நிலா பெரிதாக இருந்தது. மழை பெய்து ஓய்ந்த ஈரத்தில் தரையிலிருந்து பனி எழும்பி, அடிவானம் பால் ஊற்றியதுபோல வெளுத்துக் கிடந்தது. சித்தப்பா தலைக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"எரி விழுறதப் போயி யாராச்சும் வேணும்னு பாப்பாகளா? பாத்தா ஒடனே பச்ச மரத்தப் பாத்துக்கங்கப்பா" என்றார்.

"இங்கன எல்லாமே பச்சமரந்தாண்ணே" என்றார் அக்கா.

அக்கா சிரித்துப் பேசி நான் கேட்டது அதிகமில்லை. அன்று நல்ல மனநிலையில் இருந்தார். விடியப் போகும் நேரத்தில், நிலா மேற்கே இறங்கியிருந்தபோது, தெற்கு நோக்கி ஒன்று பச்சையாக இழுத்துக்கொண்டு போனது. நான் வாய்விட்டு 'ஆ' என்றேன். சாரின் செம்பிலும் கொட்டை விழுந்த சத்தம் கேட்டது. "பச்சைங்க" என்று அக்கா மெதுவாகச் சொன்னது காதில் பட்டது. பொழுது விடிந்தபின் பார்த்தால், போன வருடத்தைவிடக் குறைவாகத்தான் வந்திருந்தது. நிலா இருக்கும்போது அப்படித்தான் இருக்கும் என்று சார்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர். இருந்தும் பாயைச் சுருட்டிக்கொண்டே, "நிலவில்லாத வருசமா, கடலோரமாப் பாத்துப் போவோம். அதுல கண்டிப்பாத் தெரியும்" என்றார். யாருக்கு என்ன தெரியும் என்று சொல்லவில்லை. அக்கா அவர் முதுகில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டார்.

அடுத்த புரட்டாசியில் அது நடந்தது. முதல் மழை பெய்து புற்றெல்லாம் நனைந்திருந்தது. விடிகாலை அளவெடுக்க இருவரும் வேலிக்குப் போயிருக்கிறார்கள். வழக்கம்போல அக்கா முன்னால், விளக்கு பின்னால். மணல் பாதையின் ஓரம் கிடந்த சுருட்டை விரியனை அக்கா மிதித்துவிட்டார்.

நான் ஓடிப் போனபோது அக்கா படியில் உட்கார்ந்திருந்தார். சார் அவர் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கடிபட்ட இடத்தை விரலால் தடவித் தேடிக்கொண்டிருந்தார். விளக்கு பக்கத்திலேயே எரிந்துகொண்டிருந்தது. "எந்த எடம் தனம், எந்த எடம்" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பதற்றத்தில் அப்படிச் செய்கிறார் என்றுதான் நினைத்தேன்.

இராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் வரை உயிர் இருந்தது. ஈறிலிருந்து ரத்தம் கசிந்தபடி இருந்தது. சார் மருந்து வாங்க வெளியே போயிருந்த நேரத்தில் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன். அவகள ராத்திரியில தனியா வெளிய அனுப்பாதீக."

"நான் பாத்துக்கறேன்க்கா. நீங்க எந்திரிச்சு வந்துருவீங்க."

"இல்ல தம்பி. நான் சொல்றது... ராத்திரியில. வெளக்கு இருந்தாலும்."

துக்கத்தில் சார் ஏதாவது செய்துகொள்வாரோ என்று பயப்படுகிறார் என எடுத்துக்கொண்டேன். வேறென்ன நினைக்க முடியும்? சரி என்று தலையாட்டினேன். அன்று மாலை அக்கா போய்விட்டார்.

சொன்ன சொல்லுக்காக, சாரின் இரவு முறையை நானும் மூன்றாவது ஆளும் பிரித்துக்கொண்டோம். துக்க வீடு என்பதால் யாரும் எதுவும் கேட்கவில்லை. சார் பகலில் முன்புபோலவே வேலை பார்த்தார். பேச்சு மட்டும் குறைந்துபோனது. கார்த்திகை பிறந்ததும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னிடம் வந்தார்.

"இந்த வருசம் அமாவாசையை ஒட்டி வருது. பாம்பன்ல குந்துகால் பக்கம் போயிட்டு வருவமா?"

மனம் ஆற அது உதவும் என்று நினைத்து, சரி என்றேன். ரயிலில் பாலம் தாண்டிப் பாம்பனில் இறங்கினோம். கருவாடு காயும் மணலைக் கடந்து தெற்கே நடந்தோம். பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று சார் வேகமாக நடந்தார். குந்துகாலில் அப்போது மனித நடமாட்டம் இல்லை. கரையேற்றிக் கவிழ்த்த இரண்டு வள்ளங்கள், சிறு அலை, வெள்ளை மணல். பாயை விரித்து, செம்புகளை வைத்துவிட்டு உட்கார்ந்தோம்.

அந்த மாதிரி வானத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. ஒரு வாரத்து மழை தூசியையெல்லாம் கழுவி விட்டிருந்தது. நிலவில்லை. மேகத்தின் கீற்று இல்லை. நட்சத்திரங்கள் கடலின் விளிம்பு வரை இறங்கி, தண்ணீரைத் தொட்டபடி இருந்தன. மிதுனம் மேலேறிய பிறகு எரிநட்சத்திரங்கள் விழ ஆரம்பித்தன. ஒன்று முடிவதற்குள் இன்னொன்று. நான் மடியிலிருந்து கொட்டையை எடுப்பதும் போடுவதுமாக இருந்தேன். செம்பு டக் டக்கென்று சொல்லிக்கொண்டே இருந்தது.

சாரின் செம்பிலிருந்து சத்தம் வரவில்லை.

அவர் படுத்திருந்த திசையில் குறைவாக விழுகிறதோ என்று, முறையை மீறி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரிசையாக மூன்று விழுந்தன. சார் கண்ணைத் திறந்தபடி மல்லாந்து படுத்திருந்தார். கையில் கொட்டை தயாராக இருந்தது. கை அசையவில்லை.

கொஞ்ச நேரம் போனதும் அவரே கேட்டார். "முத்திருளு, வானம் மூடிருச்சோ?"

நான் இன்னொரு முறை வானத்தை அடிவானம் வரை பார்த்தேன்.

"மேகம் எத்தன பங்கு?" என்றார் மறுபடியும்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றேன். "சுத்தமா இருக்கு."

அவர் எழுந்து உட்கார்ந்தார். கையிலிருந்த கொட்டையை மணலில் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பிப் பேசினார். ஆனால் நான் இருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்துப் பேசினார்.

"எங்க அய்யாவுக்கும் இருந்துச்சு. பொழுது எறங்குனா சுவரத் தடவித்தான் நடப்பாரு. எனக்கு வேலைக்கு வந்தப்ப நல்லாத்தான் தெரிஞ்சுச்சு. ஏழெட்டு வருசமாக் கொஞ்சங் கொஞ்சமாப் போச்சு. நட்சத்திரம் தெரிஞ்சு நாலு வருசம் இருக்கும்."

"அப்ப ராத்திரி எழுதுனதெல்லாம்..."

"தனம் சொன்னது. கருவிய வெளக்கக் கிட்ட வச்சு நான் படிச்சுருவேன். வானம் அவ பாத்தது. எட்டுல எத்தனைன்னு அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு மாசத்துல என்னைவிட நல்லாச் சொன்னா. மேகத்துல அவ சொன்னது ஒரு நாளும் பெசகுனதில்ல."

மொட்டை மாடியிலும் களத்திலும் அக்கா ஏன் அவர் பாயிலேயே உட்கார்ந்திருந்தார் என்று அப்போதுதான் விளங்கியது. ஒவ்வொன்று விழும்போதும் அவர் மணிக்கட்டை அக்கா அழுத்தியிருக்கிறார். அவர் கொட்டையைப் போட்டிருக்கிறார்.

"அப்பறம் எதுக்கு சார் எடம் எடமா அலைஞ்சீங்க?"

"நல்ல வானமாக் கெடச்சா நானே ஒண்ணு ரெண்டு பாத்துற மாட்டேனான்னுதான்." பாயில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டார். "அவளும் அதுக்குத்தான் கூட வந்தா. டவுன் வெளிச்சம்னு சொன்னேன், நெலான்னு சொன்னேன். ஆமாங்க, அதாங்கன்னு சொன்னா. ஒரு தடவ கூட உங்க கண்ணுதாங்கன்னு அவ சொல்லல."

அவர் அழுதாரா என்று இருட்டில் எனக்குத் தெரியவில்லை. நான் அழுதேன். விளக்கை அக்கா ஏன் பின்பக்கமாகப் பிடித்தார், தன் காலடியை ஏன் இருட்டில் விட்டார் என்பதை நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. அக்கா போன பிறகு அந்த மூன்று மாதமும் சார் வேறெதையும் நினைத்திருக்க மாட்டார்.

வெகுநேரம் கழித்து, "உச்சிப்புளியில பச்சையா ஒண்ணு போச்சுன்னு தனம் சொன்னா. நெசமா?" என்று கேட்டார்.

"நெசந்தான் சார். நானும் பாத்தேன்."

"எனக்காகச் சொன்னாளோன்னு ஒரு நெனப்பு இருந்துச்சு" என்றார். பாயில் மறுபடி படுத்துக்கொண்டார். "சரி. இப்ப விழுறதச் சொல்லுங்க."

சொன்னேன். கிழக்கே ஒன்று, நீளமாக. தலைக்கு மேலே இரண்டு, சின்னது. தெற்கே ஒன்று, மஞ்சளாக, பாதி வழியில் உடைந்தது. அவர் ம், ம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எண்ணவில்லை. கிழக்கு வெளுத்ததும் எழுந்து, பாயை உதறிச் சுருட்டி, எனக்கு முன்னால் நேராக நடந்தார். பகலில் அவர் எப்போதும் போலத்தான்.

திரும்பும் ரயிலில் நான் சொன்னேன். "சார், யாருக்கும் தெரிய வேணாம். ராத்திரி முறை பூரா நான் பாக்கறேன். நீங்க பகல்ல பாருங்க."

"எத்தன நாளைக்கு?"

"முடியிற வரைக்கும்."

"நீங்க ஒரு வாரம் காய்ச்சல்ல கெடந்தா? அன்னைக்குப் புயல் வந்தா?" பாலத்தின் மேல் ரயில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. கீழே பாய் விரித்த படகுகள் நின்றன. அவற்றைக் காட்டவில்லை, பார்க்க மட்டும் செய்தார். "தனம் இருந்தவரைக்கும் நான் பொய் சொல்லல முத்திருளு. வானத்த ஒரு ஆளு பாத்துச்சு, நான் எழுதுனேன். இனிமே எழுதுனா அது பொய்."

அந்த வாரமே மேலிடத்துக்குத் தன் நிலைமையை அவரே எழுதினார். மதுரையில் கண் மருத்துவர் பார்த்தார். மருந்து இல்லை, பகல் பார்வையும் ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வரும் என்று சொல்லிவிட்டார். தை கடைசியில் வேலையிலிருந்து விடுவித்து உத்தரவு வந்தது. இராமநாதபுரத்தில் தங்கை வீட்டுக்குப் போவதென்று முடிவானது. பின்னாளில் இரண்டு மூன்று முறை அங்கே போய்ப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என் குரலைக் கேட்ட பிறகுதான் முகத்தைத் திருப்பினார். நாற்பத்தைந்து வயதுக்குள் முற்றிலும் இருண்டுபோய், அதன் பிறகும் சில வருடம் இருந்து இறந்தார். நான் அப்போது வேறு ஊருக்கு மாறியிருந்தேன். செய்தி வந்து சேர்ந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது.

ஆனால் அவரை நினைக்கும்போது எனக்கு முன்னால் வருவது அவர் கிளம்பிய நாள்தான்.

பொறுப்பை ஒப்படைக்க ஒரு முழு முற்பகலும் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு கருவியையும் தொட்டுக் காட்டினார். மழைமானியின் வாயில் ஒட்டியிருந்த சவுக்கு இலையை எடுத்துப் போட்டார். வெப்பமானிப் பெட்டியின் கதவை மூடும்போது கீல் கிறீச்சிட்டது. "கீலுக்கு எண்ணெ விடுங்க" என்றார். மதிய ரயிலில் போவதாக ஏற்பாடு. வெளிச்சத்தோடு ஏறி, வெளிச்சத்தோடு இறங்கிவிடலாம் என்றுதான் அந்த ரயிலைத் தேர்ந்தெடுத்திருந்தார். ஊரில் யாருக்கும் காரணம் தெரியாது. சாருக்கு மாற்றல் என்றுதான் சொல்லி வைத்திருந்தோம்.

ரயில் வரவில்லை. பாலத்தில் ஏதோ வேலை என்று நிலைய மாஸ்டர் சொன்னார். மூன்று மணி ஆனது, ஐந்து ஆனது. சாரை வழியனுப்ப வந்த மீன்காரர்களும் கடைக்காரர்களும் போகாமல் நின்றார்கள். புயல் கொடி ஏறும்போதெல்லாம் வீடு வீடாக ஆள் அனுப்பியவர் என்று அவர்மேல் மரியாதை. சார் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாரிடமும் பேசிக்கொண்டிருந்தார். வெயில் மங்க மங்க அவர் பேச்சு குறைந்தது. நடைமேடையில் இருந்த ஒரே விளக்கு கோடியில் எரிந்தது. வண்டி வந்து நின்றபோது நன்றாக இருட்டிவிட்டது.

எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். பெட்டியை நான் எடுத்துக்கொண்டேன். சார் எழுந்தார். அந்த நேர் நடையோடு இரண்டு எட்டு வைத்தார், நின்றுவிட்டார். வண்டிக்கும் மேடைக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அருகே போய் மெதுவாக முழங்கையைத் தொடப் போனேன், யாருக்கும் தெரியாதபடி ஏற்றிவிடலாம் என்று.

அவர் தலையசைத்து வேண்டாம் என்றார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, அவருடைய அதே நிதானமான குரலில் சொன்னார்.

"எனக்கு இருட்டுல கண்ணு தெரியாது. கையக் குடுங்க."

கையைக் கொடுத்தேன். கூட்டத்திலிருந்து இன்னும் இரண்டு கைகள் வந்தன. ஒரு பெண்பிள்ளை குனிந்து அவர் பாதத்தைப் பிடித்துப் படியில் வைத்தாள். ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மேடையைப் பார்த்துக் கும்பிட்டார். வண்டி நகர்ந்தது.

நிலையத்துக்குத் திரும்பியபோது இரவு அளவெடுக்கும் நேரம். விளக்கைப் படியிலேயே வைத்துவிட்டு, கண் பழகும்வரை வேலிக்குள் நின்றேன். மேற்கே இரண்டு பங்கு மேகம் இருந்தது. போய் எழுதினேன்.